ஜிப் தைக்கப் பழகுவோம்: முதல் ஜிப்பிலிருந்து வெளியே தெரியாத ஜிப் வரை

பட்டன் வைக்கத் தெரியும், கீழ் ஓரம் மடித்து அடிக்கத் தெரியும், கழுத்துக்குப் பட்டிகூட ஒழுங்காக வந்துவிடும். ஆனால் ஜிப் என்று வந்தால் மட்டும் "எலாஸ்டிக் போட்டுக்கொள்ளலாமே" என்று மனது நைசாக ஒதுங்கும். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். கடைசியில் துணிந்து ஒரு ஸ்கர்ட்டுக்கு ஜிப் வைத்தபோது, அது இடுப்பிலிருந்து கீழ்வரை நெளிந்து நெளிந்து நின்றது. நான்கு முறை பிரித்தேன். ஐந்தாவது முறை தைக்கத் துணியில் ஓரமே மிச்சமில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தால், மிஷினில் உட்கார்ந்த பிறகு நான் பெரிதாகத் தப்பு எதுவும் செய்யவில்லை. இஸ்திரி போடாமல், ஓரத்தைப் பலப்படுத்தாமல், நாலு குண்டூசியை நம்பி உட்கார்ந்ததுதான் தப்பு. ஜிப் வைப்பதில் மிஷின் ஓடுவது ஐந்து நிமிடம். அதற்கு முன்னால் போகும் இருபது நிமிடம்தான் உண்மையான வேலை. அதனால் இங்கேயும் அந்த இருபது நிமிடத்துக்குத்தான் அதிக இடம்.

ஜிப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள்

இரண்டு நாடா, அவற்றின் ஓரத்தில் பற்கள், நடுவில் ஓடும் ரன்னர், அதில் தொங்கும் இழுப்பான், மேலும் கீழும் ரன்னர் கழன்று போகாமல் தடுக்கும் தடுப்புகள். அவ்வளவுதான் ஜிப். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த கிடியன் சுண்ட்பேக் என்ற பொறியாளர் 1913இல் வடிவமைத்த அமைப்பின் அடிப்படை இன்றும் மாறவில்லை. ரன்னரின் உள்ளே ஒய் எழுத்து வடிவில் ஒரு வழி இருக்கிறது. இரண்டு பக்கப் பற்களும் அதற்குள் சாய்ந்து வந்து, ஒன்றின் இடுக்கில் மற்றொன்று மாட்டிக்கொள்கின்றன. திறக்கும்போது நடுவில் இருக்கும் ஆப்பு அவற்றைப் பிரிக்கிறது.

தைப்பவருக்கு இது எதற்கு என்றால், ரன்னர் போய்வரப் பற்களின் இரு பக்கமும் கொஞ்சம் வெற்று நாடா வேண்டும். தையலைப் பற்களுக்கு ரொம்ப ஒட்டிப் போட்டால் ரன்னர் துணியைக் கடிக்கும். ரொம்பத் தள்ளிப் போட்டால் ஜிப் வாயைப் பிளந்துகொண்டு தெரியும். எந்த வகை ஜிப்பாக இருந்தாலும் இந்த இரண்டுக்கும் நடுவே கோடு பிடிப்பதுதான் விஷயம்.

பற்களை வைத்துப் பார்த்தால் மூன்று வகை. நைலான் சுருள் ஜிப் மென்மையானது, நன்றாக வளையும். தப்பித்தவறி ஊசி பட்டாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பழகுபவர்களுக்கு இதுதான் சரி. உலோக ஜிப்பில் ஊசி பட்டால் ஊசி உடையும். ஜீன்ஸுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது, தனித்தனிப் பிளாஸ்டிக் பற்கள் கொண்ட தடித்த ஜிப். அது ஜாக்கெட்டுக்கும் பைக்கும்.

ஜிப்பின் ரன்னருக்குப் பின்னால் 3, 5, 8, 10 என்று ஓர் எண் பொறித்திருக்கும். மூடிய பற்களின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கவுன், ஸ்கர்ட், மெல்லிய பேன்ட் எல்லாவற்றுக்கும் 3 போதும், ஜாக்கெட்டுக்கு 5. மெல்லிய துணியில் 5ஆம் எண் ஜிப்பை வைத்தால் துணி அதைத் தாங்காமல் தொங்கும்.

நீளத்தில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். ஜிப்பின் நீளம் என்பது மேல் தடுப்பிலிருந்து கீழ்த் தடுப்பு வரை. நாடாவின் நுனியிலிருந்து நுனி வரை அல்ல. சந்தேகமாக இருந்தால் தேவைக்கு மேல் நாலைந்து சென்டிமீட்டர் நீளமாகவே வாங்குங்கள். நீளமான ஜிப்பைக் குறைக்கலாம், குட்டையான ஜிப்பை ஒன்றும் செய்ய முடியாது. அதோடு, நீளமாக இருந்தால் தைக்கும்போது ரன்னரைத் துணிக்கு மேலே தள்ளி வைத்துவிடலாம். இதன் அருமை கொஞ்ச நேரத்தில் புரியும்.

தேவையானவை

ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்தான் ஃபுட். சாதாரண ஃபுட்டில் ஜிப் தைக்க முடியாது என்றில்லை, ஆனால் ஏன் கஷ்டப்பட வேண்டும்? ஜிப் ஃபுட் ஒன்று வாங்கிவிடுங்கள். அது ஒல்லியாக, ஊசிக்கு ஒரே பக்கம்தான் இருக்கும். அதனால் பற்களின் மேல் ஏறாமல் பக்கத்திலேயே ஓடும். வெளியே தெரியாத மறை ஜிப்புக்கென்று, அடியில் இரண்டு பள்ளம் உள்ள தனி ஃபுட் கிடைக்கும். அடிக்கடி தைப்பதாக இருந்தால் மட்டும் அது வேண்டும்.

ஊசி, சாதாரணப் பருத்திக்கு 80/12, மெல்லிய துணிக்கு 70/10, டெனிமுக்கு 90/14 அல்லது 100/16. ஃபுட் மாற்றியதும் மோட்டாரை அழுத்தாமல், கையால் சக்கரத்தைச் சுற்றி ஊசி எங்கேயும் இடிக்காமல் இறங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்புறம் தையல் பிரிப்பான், சாக், துணிக்கு மாறான நிறத்தில் நூல், கைத்தையல் ஊசி, இஸ்திரிப் பெட்டி, ஒட்டுக் கேன்வாஸ் (இஸ்திரிச் சூட்டில் துணியோடு ஒட்டிக்கொள்ளும் உள்துணி). இந்தப் பட்டியலில் எதையாவது விட்டுவிட்டுச் சமாளிக்கலாம் என்றால் அது நிச்சயம் இஸ்திரிப் பெட்டி அல்ல.

மிஷினுக்கு முன்னால்

முதலில் துணியை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். ஜிப் நாடா பெரும்பாலும் பாலியஸ்டர், அது சுருங்காது. துணி சுருங்கி நாடா அப்படியே நின்றால், தைத்தபோது நேராக இருந்த ஜிப் முதல் துவைப்புக்குப் பிறகு அலை அலையாகும். நாடா பருத்தியாக இருந்தால் அதையும் சேர்த்து நனைத்துவிடுங்கள்.

அடுத்தது, ஜிப் வரும் ஓரத்தைப் பலப்படுத்துவது. ஜிப் நெளிவதற்கு முக்கியக் காரணம், நாடா இழுபடாது, துணி இழுபடும் என்பதுதான். மிஷினில் ஊசிக்கு அடியில் துணியை நகர்த்தும் பல் கீழ்த் துணியைத் தள்ளும், ஃபுட் மேல் துணியைப் பிடித்து வைக்கும்; இந்த இழுபறியில் துணி கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போகும். நீண்ட துணியை நீளாத நாடாவில் தைத்தால் நெளியாமல் என்ன செய்யும்? ஆகவே 2.5 சென்டிமீட்டர் அகலத்தில் ஒட்டுக் கேன்வாஸ் துண்டு வெட்டி, ஜிப் வரும் நீளத்துக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக, இரண்டு ஓரத்திலும் உள்பக்கமாக ஒட்டுங்கள். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் அழுத்தி அழுத்தி எடுங்கள். தேய்த்தால் அப்போதே துணி இழுபடும். பின்னலாடைத் துணிக்கும், மூலைவாக்கில் சாய்வாக வெட்டிய துணிக்கும் இது கட்டாயம். உறுதியான பருத்திக்கு வேண்டாம் என்பார்கள். நான் அதற்கும் ஒட்டுவேன்.

தையலுக்காக ஓரத்தில் விடும் துணியை இனிமேல் ஓரத்துணி என்று சொல்கிறேன். ஜிப் வரும் இடத்தில் அது 2 சென்டிமீட்டர் இருந்தால் வசதி. ஜிப் வைத்த பிறகு உள்ளே கையும் ஃபுட்டும் சரியாகப் போகாது, அதனால் ஓரத்தை ஓவர்லாக்கோ ஜிக்ஜாக்கோ செய்வதை இப்போதே முடித்துவிடுங்கள். ஜிப் எங்கே முடிய வேண்டும் என்று இரண்டு துண்டிலும் சாக்கால் ஒரே அளவில் குறியுங்கள்.

கடைசியாக நூலோட்டு, அதாவது பிறகு பிரித்துவிடும்படி கையால் பெரிய பெரிய தையலாகப் போட்டுவைப்பது. குண்டூசி குத்திய இடத்தில் மட்டும்தான் பிடிக்கும், இரண்டு குண்டூசிக்கு நடுவே துணி தன்னிஷ்டத்துக்கு நகரும். கையால் நூலோட்டிவிட்டால் நீளம் முழுக்கப் பிடித்துக்கொள்ளும். சோம்பேறித்தனம் வரும்போதெல்லாம் அந்த ஸ்கர்ட்டை நினைத்துக்கொள்கிறேன்.

முதல் ஜிப்: நடுவில் வைப்பது

தையல் கோட்டின் நடுவே பற்கள் வந்து, இரண்டு பக்கமும் சமமாக ஒரு தையல் தெரியும் வகை இது. முதலில் பழைய துணியில் இரண்டு துண்டு வெட்டி ஒருமுறை செய்துபாருங்கள்.

இரண்டு துண்டையும் நல்ல பக்கம் உள்ளே வருமாறு சேர்த்து, கீழிருந்து சாக் குறி வரை 2.5 மில்லிமீட்டர் தையலில் அடித்துக்கொண்டு வாருங்கள். குறியில் ரிவர்ஸ் போட்டு நிறுத்துங்கள். பிறகு தையல் நீளத்தை மிஷினில் உள்ள பெரிய அளவுக்கு, அதாவது 4 அல்லது 5க்கு மாற்றி, அங்கிருந்து மேலே வரை அதே கோட்டில் அடியுங்கள். இந்த மேல் பகுதி பிறகு பிரிக்கப்போவது, அதனால் ரிவர்ஸ் போடக் கூடாது. ஓரத்துணியை இரு பக்கமும் விரித்து நன்றாக இஸ்திரி போடுங்கள்.

இப்போது மூடிய ஜிப்பை, முகம் கீழே பார்க்க, விரித்த ஓரத்துணியின் மேல் வையுங்கள். பற்களின் நடுக்கோடு தையல் கோட்டின் மேலேயே விழ வேண்டும். கீழ்த் தடுப்பு சாக் குறிக்கு ஒட்டினாற்போல் வரட்டும்; ரன்னர் துணிக்கு மேலே நீட்டிக்கொண்டு இருக்கட்டும். இரண்டு நாடாவையும் துணியின் எல்லா அடுக்கையும் சேர்த்துப் பிடித்து நூலோட்டுங்கள்.

நல்ல பக்கத்தைத் திருப்புங்கள். தையல் கோட்டிலிருந்து இரு பக்கமும் 6 மில்லிமீட்டர் தள்ளிச் சாக்கால் கோடு போடுங்கள். கீழே குறுக்குக் கோடு கீழ்த் தடுப்பைத் தாண்டி வர வேண்டும், உலோகத்தின் மேல் அல்ல. ஜிப் ஃபுட்டை மாட்டி, கீழ் நடுவில் தொடங்கிக் குறுக்காக ஒரு பக்கம் போய், ஊசியைத் துணிக்குள் இறக்கிவைத்துத் திருப்பி, மேலே வரை தையுங்கள். அடுத்த பக்கத்தையும் கீழ் நடுவிலிருந்தே தொடங்குங்கள். ஒரு பக்கம் கீழிருந்து மேல், மறு பக்கம் மேலிருந்து கீழ் என்று தைத்தால் இரண்டு பக்கத் துணியும் எதிரெதிராக நகர்ந்து, ஜிப் முறுக்கியது போல நிற்கும். தைக்கும் வசதிக்காக எல்லோரும் செய்யும் தவறு இது.

ஜிப் சரியான நீளமாக அமைந்து ரன்னர் வழியில் வந்துவிட்டால், அதைச் சுற்றி வளைத்துத் தைக்காதீர்கள். வெளியே அந்த வளைவு அப்படியே தெரியும். ரன்னருக்குச் சற்று முன்பே நிறுத்தி, ஊசியை உள்ளே இறக்கி, ஃபுட்டைத் தூக்குங்கள். நடுவில் உள்ள பெரிய தையலைக் கொஞ்சம் பிரித்து, ரன்னரைத் தைத்து முடித்த பகுதிக்கு நகர்த்திவிட்டு, ஃபுட்டை இறக்கி மிச்சத்தை நேராகத் தையுங்கள். நீளமான ஜிப் வாங்கச் சொன்னது இந்தச் சர்க்கஸைத் தவிர்க்கத்தான்.

நடுவில் உள்ள பெரிய தையலையும் நூலோட்டையும் பிரித்து எடுங்கள். மேலே மிச்சமிருக்கும் ஜிப்பை வெட்டும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். ரன்னர் எங்கே இருக்கிறது? மேலேயே இருந்தால் வெட்டிய துண்டோடு ரன்னரும் கையில் வந்துவிடும். ரன்னரைக் கீழே இறக்கி, இடுப்புப் பட்டியோ உள்பட்டியோ வைத்து நாடாவின் மேல்முனையைத் தையலுக்குள் அடைத்த பிறகுதான் கத்தரிக்கோல்.

ஒரு பக்கம் மூடும் ஜிப்

ஸ்கர்ட்டின் பக்கவாட்டில் பார்த்திருப்பீர்கள்: ஒரே ஒரு தையல்தான் தெரியும், பற்கள் துணி மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். நிறம் பொருந்தாத ஜிப்தான் கிடைத்தது என்றால் இந்த முறை மானம் காக்கும்.

இங்கேயும் முதலில் கீழிருந்து சாக் குறி வரை தைத்துவிடுங்கள். பிறகு, அடியில் வரும் பக்கத்தைத் தையல் கோட்டிலேயே மடிக்காமல், 3 மில்லிமீட்டர் வெளியே நீட்டி மடித்து இஸ்திரி போடுங்கள். அந்த மடிப்பைப் பற்களுக்கு ஒட்டி வைத்து, மடிப்பின் ஓரமாகத் தையுங்கள். மேலே வரும் பக்கத்தைச் சரியாகத் தையல் கோட்டில் மடித்து, முதல் தையலை மூடும்படி பற்களின் மேல் படுக்கவைத்து நூலோட்டி, மடிப்பிலிருந்து 1 முதல் 1.2 சென்டிமீட்டர் தள்ளி மேலே தையுங்கள். கீழே குறுக்காகத் திரும்பி முடிக்க வேண்டியதுதான். அந்த 3 மில்லிமீட்டரை மறந்தால் மேல் மடிப்பு பற்களை முழுக்க மூடாது.

மறை ஜிப்

கடைகளில் இன்விசிபிள் ஜிப், கன்சீல்டு ஜிப் என்று கேட்டால் கிடைக்கும். பற்கள் நாடாவின் பின்பக்கம் சுருண்டிருக்கும்; முன்பக்கம் பார்த்தால் வெறும் நாடாதான். பழகுபவர்கள் இதைக் கண்டு பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் மூன்றிலும் இதுதான் சுலபம். மேலே தெரியும் தையலே கிடையாது, கை கொஞ்சம் கோணினாலும் யாருக்கும் தெரியாது.

முக்கியமான வித்தியாசம் வரிசையில். மற்ற வகைகளில் கீழ்த் தையலை, அதாவது ஜிப்புக்குக் கீழே இரண்டு துண்டையும் சேர்க்கும் தையலை, முதலில் போட்டோம். இங்கே ஜிப்தான் முதலில், கீழ்த் தையல் கடைசியில். ஜிப் திறப்பை விட 3 முதல் 5 சென்டிமீட்டராவது நீளமாக இருக்க வேண்டும், ஏனென்றால் கீழே ரன்னர் ஃபுட்டை மறித்துக்கொள்ளும், கடைசி வரை தைக்க முடியாது.

ஜிப்பை முழுக்கத் திறந்து, பின்பக்கம் மேலே பார்க்க வைத்து, இஸ்திரிப் பெட்டியின் நுனியால் சுருண்ட பற்களை விரித்துவிடுங்கள். சூடு குறைவாக இருக்கட்டும், பற்கள் நைலான். இந்த ஒரு வேலையால்தான் தையல் பற்களின் வேருக்குள் போய் விழும். தைத்து முடியும் வரை ஜிப்பைத் தேவையில்லாமல் மூடாதீர்கள், திரும்பச் சுருண்டுகொள்ளும்.

துணியை நல்ல பக்கம் மேலே இருக்குமாறு விரித்து, இரண்டு துண்டிலும் தையல் கோட்டைச் சாக்கால் வரையுங்கள். ஜிப்பின் ஒரு நாடாவை முகம் கீழே பார்க்க, பற்கள் தையல் கோட்டின் மேல், நாடா ஓரத்துணிப் பக்கம் இருக்குமாறு வைத்து நூலோட்டுங்கள். பள்ளமுள்ள ஃபுட்டில் பற்களை நுழைத்து, மேலிருந்து சாக் குறி வரை தைத்து ரிவர்ஸ் போடுங்கள். பள்ள ஃபுட் இல்லையென்றால் சாதாரண ஜிப் ஃபுட்டே போதும். இடது கைக் கட்டைவிரல் நகத்தால் பற்களைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போங்கள்.

இரண்டாவது பக்கத்துக்குப் போகும் முன் ஜிப்பை ஒருமுறை மூடி, முதல் பக்கத்தின் இடுப்புத் தையல் எங்கே வருகிறதோ அந்த மட்டத்தில், இன்னும் தைக்காத நாடாவில் ஒரு கோடு போடுங்கள். மேல் ஓரத்துக்கும் அப்படியே. பிறகு திறந்து, அந்தக் கோடுகள் மறுபக்கத் துணியின் இடுப்புத் தையலோடு பொருந்தும்படி வைத்து நூலோட்டுங்கள். இதைச் செய்யாவிட்டால் இடுப்புக் கோடு ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் நிற்கும். கட்டம் போட்ட துணியில் தூரத்திலிருந்தே தெரியும். நூலோட்டியதும் மூடிப் பாருங்கள். நாடா முறுக்கிக்கொண்டிருந்தால் இப்போது பிரிக்க அரை நிமிடம், தைத்த பிறகென்றால் அரை மணி. சரியாக இருந்தால் தையுங்கள்.

இனிக் கீழ்த் தையல். பலருக்கும் ஜிப்புக்குக் கீழே ஒரு சிறிய ஓட்டையோ புடைப்போ வருவது இங்கேதான். சாதாரண ஜிப் ஃபுட்டை மாட்டி, ஜிப்பின் வாலை ஓரத்துணிப் பக்கம் இழுத்து ஒதுக்குங்கள். முந்தைய தையல் முடிந்த இடத்துக்கு அரை சென்டிமீட்டர் மேலே, அந்தத் தையலுக்கு ஒட்டி ஓரத்துணிப் பக்கமாக ஊசியை இறக்கிக் கீழ்நோக்கித் தையுங்கள். முதல் சில தையலுக்குக் கையால் சக்கரத்தைச் சுற்றுவது நல்லது. பிறகு நாடாவின் வாலை ஓரத்துணியோடு மட்டும் சேர்த்துத் தைத்துவிட்டால் போடும்போது குத்தாது.

ஜாக்கெட்டும் பேன்ட்டும்

ஜாக்கெட்டுக்குக் கீழேயும் பிரியும் திறந்த ஜிப் வேண்டும். இரண்டு பாதியாகப் பிரித்து, இரண்டையும் கீழ் ஓரத்திலிருந்து மேல்நோக்கித் தையுங்கள். பை, கோடு, தோள்பக்கம் தனியாக வைத்துத் தைக்கும் யோக் என்று இரண்டு பக்கமும் சேர வேண்டிய இடங்களை எல்லாம் நாடாவில் குறித்துக்கொள்ளுங்கள். மறை ஜிப்பில் செய்ததே.

பேன்ட்டின் முன் ஜிப்பில் பட்டி ஒன்றுக்கு இரண்டாக வரும், வெட்டும்போதே கவனம் வேண்டும். மேலே சொன்ன மூன்றும் கை வந்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரியும் அந்த வளைந்த தையலை அட்டையில் வெட்டிய அச்சு வைத்து வரைந்துகொண்டு தையுங்கள். வளைவில் கீழ்த் தடுப்பின் மேல் ஊசி போகக் கூடாது.

ஜிப்பைக் குட்டையாக்க

நைலான் ஜிப்பில், புதிய முடிவு வர வேண்டிய இடத்தில் பற்களின் மேலேயே கையால் ஏழெட்டு முறை இறுக்கித் தைத்தால் அதுவே தடுப்பு. அதற்குக் கீழே 2 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். மிஷினில் என்றால் தையல் நீளத்தைப் பூஜ்யமாக வைத்து அகல ஜிக்ஜாக் போடலாம். அகலம் பற்களைத் தாண்டுகிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிடுங்கள். உலோக ஜிப்பில் வேண்டாத பற்களைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும், நாடா கிழியாமல். திறந்த ஜிப்பை மேலிருந்துதான் குறைக்க முடியும். கீழே வெட்டினால் இரண்டு பாதியையும் சேர்த்து மாட்டும் ஊசியும் பெட்டியும் போய்விடும்.

தவறினால்

நெளிந்தால், மேலும் மேலும் இஸ்திரி போட்டுப் பார்க்காதீர்கள், சரியாகாது. பிரித்து, கேன்வாஸ் ஒட்டி, துணியை இழுக்காமல் மறுபடி தையுங்கள். ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்க மிஷினில் திருகு இருந்தால் குறையுங்கள். தையல் நீளத்தை 3க்கு ஏற்றினாலும் உதவும்.

ரன்னர் துணியைக் கடித்தால் தையல் பற்களுக்கு மிக அருகில் இருக்கிறது. அந்தப் பகுதியை மட்டும் பிரித்து ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போட்டால் போதும். வெறுமனே இறுக்கமாக ஓடினால் மெழுகுவத்தியைப் பற்களில் தேய்த்து ஏழெட்டு முறை இழுங்கள். பென்சில் முனையும் உதவும், ஆனால் வெளிர் துணியில் கறை படும்.

ரன்னர் போன பிறகு பின்னால் பற்கள் பிரிந்துகொண்டே வந்தால் பெரும்பாலும் பழுது பற்களில் இல்லை, வாய் அகன்ற ரன்னரில். ரன்னரின் இரண்டு பக்கத்தையும் குறடால் மிக மெதுவாக அழுத்தினால் கொஞ்ச காலம் ஓடும். ரன்னர் மட்டும் தனியாக வாங்கி மாட்டலாம். எண்ணும் வகையும் ஒத்துப்போக வேண்டும், 5ஆம் எண் நைலான் ரன்னர் 5ஆம் எண் உலோக ஜிப்பில் ஓடாது. உலோகப் பல்லே உதிர்ந்திருந்தால் ஜிப்பையே மாற்றிவிடுங்கள். பிரிக்கும்போது பழைய தையல் துளைகளை இஸ்திரி போட்டு மறைத்துவிடாதீர்கள். புதிய ஜிப்பை எங்கே வைப்பது என்பதற்கு அந்தத் துளைகளே கோடு.